எங்கள் சிஸ்டரின் இடது காது



நம் பள்ளி ஆண்டு மலருக்குக் கட்டுரைகள் தரலாம் என்று அறிவிப்பு வந்தவுடன், கல்விச் சுற்றுலாவில் கண்ட காட்சிகளைப் பற்றி எழுதலாம் என்றுதான் எங்கள் வகுப்பில் முதலில் பேசிக்கொண்டோம். ஆனால் எங்கள் ஆங்கில ஆசிரியையான சிஸ்டர் எங்களுக்கு வேறொரு தலைப்பைக் கொடுத்துவிட்டார். நாங்கள் செய்த ஒரு தவற்றுக்கு அவர் விதித்த பரிகாரம் இந்தக் கட்டுரை. "என்னைப் புகழ்ந்து ஒரு வரியும் வேண்டாம். நோயைப் பற்றிச் சரியாக எழுதுங்கள். நீங்கள் செய்ததையும் எழுதுங்கள்" என்பது அவருடைய கட்டளை. ஆகவே அவருடைய அனுமதியோடு, வகுப்பு முழுவதும் சேர்ந்து நினைவுகூர்ந்து இதை எழுதுகிறோம்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது சிஸ்டர் எங்களுக்கு வகுப்பாசிரியையாக வந்தார். அவருடைய ஊர் நாகாலாந்து மாநிலத்தில் உள்ள கோகிமா. மலைமேல் அடுக்கடுக்காக வீடுகள் கட்டப்பட்ட ஊர் அது என்று படம் காட்டுவார். எங்கள் பள்ளிக்கு வந்த பிறகுதான் தமிழ் கற்றுக்கொண்டார். 'வாழைப்பழம்' என்ற சொல் மட்டும் அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லை. நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார். ஆங்கிலச் செய்யுளைப் பாட்டாகப் பாடிக் காட்டுவார். தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றவளைத் தனியே அழைத்துப் பேசுவாரே தவிர, எல்லார் முன்னிலையிலும் ஒரு நாளும் கடிந்துகொண்டதில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம், சுதந்திர தின விழா முடிந்த வாரத்தில், எங்களில் சிலர் ஒன்றைக் கண்டுபிடித்தோம். சிஸ்டருக்கு இடப்பக்கத்தில் பேசுவது கேட்பதில்லை. அவர் வகுப்பைப் பார்த்து நின்றால் அவருடைய இடப்பக்கம் எங்களுக்கு ஜன்னல் வரிசை. அந்த வரிசையில் யாராவது பேசினால் அவர் திரும்புவதே இல்லை. வலப்பக்கத்தில் பென்சில் விழுந்தால்கூடத் திரும்பிவிடுவார்.

இதை அவரிடமோ வேறு யாரிடமோ நாங்கள் சொல்லவில்லை; பயன்படுத்திக்கொண்டோம். ஜன்னல் வரிசைக்குச் 'சுதந்திர நாடு' என்று பெயர் வைத்தோம். அங்கே மாங்காய்க் கீற்றும் மிளகாய்ப்பொடியும் கை மாறின. கணக்கு வீட்டுப்பாடம் ஆங்கில வகுப்பில் எழுதி முடிக்கப்பட்டது. அந்த வரிசையில் இடம் கிடைப்பதற்காகத் தோழியர் பேனாவையும் ரிப்பனையும் பண்டமாற்றுச் செய்ததும் உண்டு. ஒருமுறை அந்த வரிசையில் இருந்த ஒருத்தி எழுந்து விடை சொன்னாள். சிஸ்டர் "என்ன? என்ன?" என்று மூன்று முறை கேட்டு, வலது காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு திரும்பினார். வகுப்பே சிரித்தது. "மலையிலிருந்து இறங்கி வந்தபோது காது அடைத்துக்கொண்டது, பிள்ளைகளே. இன்னும் திறக்கவில்லை" என்று அவரும் சேர்ந்து சிரித்தார்.

விடுதியில் தங்கிப் படிக்கும் ஒருத்தி இன்னொன்றையும் கண்டாள். காலையில் முகம் கழுவும்போது சிஸ்டர் துப்பிய சளியில் மெல்லிய இரத்தக் கோடு இருந்ததாம். "உடம்புச் சூடாக இருக்கும்" என்று நாங்களே மருத்துவர்களாகி முடிவு கட்டிவிட்டோம்.

நவம்பர் மாதத்தில் சிஸ்டர் தாமாகவே காதைக் காட்டச் சென்றார். சளி என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாடல் ஒத்திகை நடந்தது. ஆர்மோனியத்தின் அருகே நின்ற மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பாட்டை நிறுத்திவிட்டு, "சிஸ்டர், உங்க கழுத்துல கோலிக்குண்டு இருக்கு" என்றாள். இடப்பக்கத் தாடையின் கோணத்துக்குக் கீழே, முக்காட்டின் ஓரத்தில், உண்மையிலேயே ஒரு கோலிக்குண்டு போல இருந்தது. வலி இல்லையாம். எட்டு வயதுக் குழந்தை கண்ட உடனே சொன்னாள். பதினான்கு வயதான நாங்கள் நான்கு மாதங்களாக வாய் மூடி இருந்தோம்.

சமையற்கட்டு ஆயா, "நெறி கட்டியிருக்கு, சிஸ்டர். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைச்சுப் போடுங்க, அமுங்கிடும்" என்றார். ஊரில் ஒரு மருத்துவர் பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். அது அமுங்கவில்லை. பிறகு, காசநோய்க் கட்டியாக இருக்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். நம் நாட்டில் கழுத்தில் வரும் முடிச்சுகளுக்குக் காசநோய் பெரிய காரணம். 'கண்டமாலை' என்று நம் முன்னோர் அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். ஆகையால் அவர் அப்படி நினைத்ததில் வியப்பில்லை.

எங்கள் பள்ளியில் நோயாளர் அறையைக் கவனிக்கும் சிஸ்டர் நெடுநாள் செவிலியராக இருந்தவர். 'நர்ஸ் சிஸ்டர்' என்று நாங்கள் அழைப்போம். அவர்தான் மூன்று செய்திகளை ஒன்றாகச் சேர்த்தார். ஒரு பக்கக் காது மட்டும் மந்தம். அதே பக்கத்துக் கழுத்தில் வலியில்லாத முடிச்சு. பிறந்த ஊர் கோகிமா. "இனி ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது" என்று மதரிடம் சொல்லி, சிஸ்டரை வேலூருக்கு அனுப்பிவைத்தார். அங்கே மூக்கு வழியாக விளக்குக் குழாயை விட்டுப் பார்த்தபோது, பின்புறச் சுவரின் இடப்பக்கத்தில் சிறு வளர்ச்சி ஒன்று தெரிந்தது. துளியளவு சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். 2025 பொங்கல் விடுமுறை முடிந்து நாங்கள் பள்ளிக்கு வந்த அன்று, காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை செய்தியைச் சொன்னார்: சிஸ்டருக்கு நாசித்தொண்டைப் புற்றுநோய். அனைவரும் மன்றாடுங்கள்.

அன்று எங்கள் வகுப்பில் எழுந்த முதல் பேச்சு, "கழுத்துக்கே வந்துவிட்டதாம்" என்பதுதான். எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தா வாய்ப் புற்றுநோயால் இறந்தவர். கழுத்தில் கட்டி தெரிந்த பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லையாம். ஆகவே சிஸ்டரும் இனித் திரும்பமாட்டார் என்று நாங்கள் தீர்மானித்துவிட்டோம். சிற்றாலயத்தில் முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னோம். செபம் செய்யும்போது மனத்தில் வந்தது மாங்காயும் மிளகாய்ப்பொடியும்தான். மறுநாள் முதல் சுதந்திர நாட்டில் உட்கார ஒருத்தியும் முன்வரவில்லை. அந்த வரிசை ஒரு வாரம் காலியாகவே கிடந்தது.

இதைக் கேள்விப்பட்ட நர்ஸ் சிஸ்டர் ஒரு நாள் அறிவியல் பாடவேளையில் எங்கள் வகுப்புக்கு வந்தார். "அழுதுகொண்டு செபிப்பதைவிட விஷயம் தெரிந்துகொண்டு செபிப்பது நல்லது" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையில் ஒரு தலையையும் கழுத்தையும் வரைந்தார். அவர் அன்று கற்பித்ததை எங்களால் இயன்றவரை இங்கே தருகிறோம்.

மூக்கின் வழியாகவே பின்னோக்கிச் சென்றால், உள்நாக்குக்கு மேலே, மண்டையோட்டின் அடித்தளத்தை ஒட்டி ஒரு சிறிய அறை இருக்கிறது. அதுவே நாசித்தொண்டை. வாயை எவ்வளவு அகலத் திறந்து கண்ணாடியில் பார்த்தாலும் அது தெரியாது. அந்த அறையின் இரு பக்கச் சுவர்களிலும் ஒவ்வொரு சிறு வாசல் உண்டு. யூஸ்டேஷியன் குழல் என்று நாம் பாடத்தில் படிக்கிறோமே, அது அங்கேதான் திறக்கிறது. மலைப்பாதையில் பேருந்து ஏறும்போது காது அடைப்பதும், எச்சில் விழுங்கினால் திறப்பதும் அந்தக் குழலினால்தான். அறையில் ஏதாவது வளர்ந்து ஒரு பக்க வாசலை அடைத்துவிட்டால், அந்தப் பக்க நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும், காது மந்தமாகும். குழந்தைகளுக்குச் சளி பிடித்தாலும் இப்படி ஆவதுண்டு. ஆனால் வளர்ந்த ஒருவருக்கு ஒரே பக்கக் காது வாரக்கணக்கில் அடைத்திருந்தால், காதை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பக் கூடாது. மூக்கின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும்.

இந்த நோய் உலகில் எங்கும் ஒரே அளவில் இல்லை. தென் சீனத்தின் குவாங்டாங் மாகாணத்திலும் ஹாங்காங்கிலும் மிக அதிகம். தென்கிழக்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் ஓரளவு உண்டு. இந்தியாவின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. ஆனால் நாகாலாந்தில் அதிகம். பரம்பரை ஒரு காரணம் என்கிறார்கள். எப்ஸ்டீன்-பார் என்னும் வைரஸ் இன்னொரு காரணம். உலகில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரஸைத் தெரியாமலேயே உடம்பில் சுமக்கிறார்கள். மிகச் சிலருக்கே அது தீங்காகிறது. தென் சீனத்தில் சிறு வயது முதலே குழந்தைகளுக்கு ஊட்டப்படும் ஒருவகை உப்பு மீனும் காரணங்களில் ஒன்று என்று உறுதிப்பட்டிருக்கிறது. நாகர்களின் வீடுகளில் அடுப்புப் புகையையும் புகையில் உலர்த்திய இறைச்சியையும் ஆராய்ந்து வருகிறார்கள்.

இந்த வைரஸை 1964ஆம் ஆண்டு இலண்டனில் கண்டுபிடித்த மூவரில் ஒருவர் ஒரு பெண் என்பதை எங்களுக்குச் சொல்லாமல் நர்ஸ் சிஸ்டர் அடுத்த பகுதிக்குப் போகவில்லை. அயர்லாந்தில் பிறந்த யுவான் பார் அம்மையார் அவர். பின்னாளில் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று பள்ளியில் கணிதமும் அறிவியலும் கற்பித்தார். வைரஸின் பெயரில் பாதி ஒரு பள்ளி ஆசிரியையின் பெயர்!

பிறகு அவர் கழுத்துக்கு வந்தார். நாங்கள் பயந்ததும் அதைப் பற்றித்தானே?

இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீர், சதைகளின் இடையே ஊறி, நூல் போன்ற மெல்லிய குழாய்களில் சேர்ந்து, மறுபடியும் இரத்தத்துக்கே போய்ச் சேருகிறது. அதுவே நிணநீர். அது போகும் வழியில் அவரை விதையைப் போன்ற முடிச்சுகள் சோதனைச் சாவடிகளாக நிற்கின்றன. கிருமி வந்தால் பிடித்து நிறுத்தும். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது அதனால்தான். புற்றணு தன் இடத்தை விட்டுப் புறப்பட்டாலும் முதலில் இந்தச் சாவடியில்தான் மாட்டிக்கொள்ளும். அங்கே பெருகினால் முடிச்சு வீங்கும்.

நாசித்தொண்டையைச் சுற்றி நிணநீர்க் குழாய்கள் நெருக்கமாக உள்ளன. ஆகவே மூலக் கட்டி மிகச் சிறியதாக இருக்கும்போதே கழுத்தில் முடிச்சு வந்துவிடக்கூடும். நோய் கண்டறியப்படும் வேளையில் பெரும்பாலோருக்குக் கழுத்து முடிச்சு இருக்கிறது. பலருக்கு அதுதான் முதல் அடையாளம். மூக்கிலும் காதிலும் ஒன்றும் தெரியாமல், கழுத்தைத் தடவிப் பார்த்து மருத்துவரிடம் வருகிறவர்களும் உண்டு. எனவே முடிச்சு இருக்கிறது என்ற ஒன்றை வைத்து முடிவு சொல்லக் கூடாது. நான்கு கேள்விகள் கேட்க வேண்டும் என்று பலகையில் எழுதினார்.

முதல் கேள்வி: ஒரு பக்கமா, இரு பக்கமா? இரண்டாவது: எவ்வளவு பெரிது? ஆறு சென்டிமீட்டருக்கு மேல் போய்விட்டதா? மூன்றாவது: எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது? இந்த நோய் பெரும்பாலும் படிப்படியாக, மேலிருந்து கீழே, ஒரு சாவடியிலிருந்து அடுத்த சாவடிக்கு இறங்கும். குரல்வளையின் அடியில் கிரிகாய்டு என்னும் குருத்தெலும்பு வளையம் இருக்கிறது. அதற்கு மேலேயே நின்றால் நல்லது; அதைத் தாண்டிக் காறை எலும்பை நோக்கி இறங்கிவிட்டால் கவலை கூடும். நான்காவது: முடிச்சின் உறை முழுதாக இருக்கிறதா, கிழித்துக்கொண்டு வெளியே பரவிவிட்டதா?

எங்கள் சிஸ்டருக்கு விடைகள் இவை: ஒரே பக்கம், இரண்டு சென்டிமீட்டர், தாடைக்குக் கீழே மேல் வரிசையில், உறை கிழியவில்லை. மூலக் கட்டியும் நாசித்தொண்டையைத் தாண்டவில்லை. எலும்பு, நுரையீரல், கல்லீரல் எங்கும் ஒன்றும் இல்லை.

இத்தகைய நோயை இரண்டாம் நிலை என்று குறிப்பது வழக்கமாக இருந்தது. 2025ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்த புதிய பிரிப்பில், மேல் கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் முடிச்சு உள்ள இத்தகையோரை முதல் நிலைக்குள்ளேயே, அதன் பிற்பகுதியில் சேர்த்திருக்கிறார்கள். இப்போதைய சிகிச்சையில் அவர்கள் பெறும் பலன் அவ்வளவு நன்றாக இருப்பதே காரணம். "கட்டியும் அதேதான், கழுத்தும் அதேதான். ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து, மனிதர்கள் தங்கள் பயத்தைத் திருத்திக்கொண்டார்கள். நீங்களும் திருத்திக்கொள்ளுங்கள்" என்றார் நர்ஸ் சிஸ்டர்.

ஆனால் எங்களை ஏமாற்றவும் இல்லை. முடிச்சு இல்லாதவரைவிட முடிச்சு உள்ளவருக்கு நோய் தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் போகும் வாய்ப்புக் கூடுதல்தான். ஆகையால் சிகிச்சை முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். தாத்தாவை இழந்த தோழியைப் பார்த்து, "வாய்ப் புற்றுநோய் வேறு குணம் உடையது, கண்ணு. ஒரு நோயின் கணக்கை இன்னொரு நோய்க்குப் போடக் கூடாது" என்று மெதுவாகச் சொன்னார்.

கடைசியில் அவர் கேட்ட கேள்விதான் எங்களால் மறக்க முடியாதது. "காது எப்போதிலிருந்து கேட்கவில்லை என்று மருத்துவர் கேட்டார். நவம்பர் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு எங்களில் ஒருத்தி எழுந்தாள். "ஆகஸ்டு, சிஸ்டர்" என்றாள். அவளைத் தொடர்ந்து இன்னும் ஏழெட்டுப் பேர் எழுந்து நின்றோம். சுதந்திர நாட்டின் கதை முழுவதையும் சொன்னோம். சளியில் கண்ட இரத்தக் கோட்டைப் பற்றி விடுதித் தோழி சொல்லும்போது அவளுக்குப் பேச்சு வரவில்லை.

"அப்போதே சொல்லியிருந்தால் முடிச்சு வந்திருக்காதா, சிஸ்டர்?" என்று கேட்டோம்.

அவர் உடனே ஆறுதல் கூறவில்லை. "அது எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆகஸ்டிலேயே அது உள்ளே இருந்திருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். அதில் சந்தேகம் இல்லை" என்றார். பிறகு மாதத்தைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் எங்களுக்கு இலேசாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 3ஆம் நாள் சிகிச்சை தொடங்கியது. இந்த நோய்க்கு முதலில் கத்தி இல்லை. இடம் மிகவும் உள்ளே, மண்டையோட்டின் அடியில் இருக்கிறது. மேலும் இந்தப் புற்றணுக்கள் கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படுபவை. 'கரண்ட் வைக்கிறாங்களாம்' என்று ஆயா கண்ணீர் விட்டார். வாரத்தில் ஐந்து நாள் வீதம் 33 நாட்கள். கழுத்தின் இரு பக்கத்துக்கும் சேர்த்தே கொடுப்பார்கள். சாவடி வழியாக ஏதாவது தப்பியிருந்தால் அதுவும் அகப்பட வேண்டும் அல்லவா?

கீமோ மருந்தும் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை சீனத்திலிருந்து வந்தது. அங்கே ஐந்து மருத்துவமனைகளில், சிஸ்டரைப் போல ஆபத்துக் குறைந்த 341 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு மட்டும், மற்றொரு பிரிவுக்கு அதனுடன் கீமோவும் கொடுத்து ஆராய்ந்தார்கள். முடிவு 2022இல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகள் முடிந்தபோது நோய் திரும்பாமல் இருந்தவர்கள், கதிர்வீச்சு மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 90.5, இரண்டும் பெற்றோரில் 91.9. ஏறக்குறைய ஒன்றே. ஆனால் கீமோ இல்லாதவர்களுக்கு வாந்தியும் துன்பமும் மிகக் குறைவு. சிறிய முடிச்சு, மேல் கழுத்து, உறை கிழியாமை, இரத்தத்தில் வைரஸின் அளவு குறைவு ஆகிய நிபந்தனைகள் பொருந்தியவர்களுக்கே இது பொருந்தும். சிஸ்டருக்குப் பொருந்தியது. ஆகவே கதிர்வீச்சு மட்டும் போதும் என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள்.

பிப்ரவரி 11, நோயாளர் தினத்தன்று நாங்கள் எல்லாரும் கையெழுத்திட்டு ஒரு வாழ்த்து மடல் அனுப்பினோம். அதில் மன்னிப்புக் கேட்க எங்களுக்குத் துணிவில்லை. சிஸ்டர் தம் கையாலேயே பதில் எழுதினார். முகத்தின் அச்சு எடுத்து ஒரு வலை முகமூடி செய்திருக்கிறார்களாம். அதை முகத்தின் மேல் பொருத்தி மேசையோடு பூட்டிவிடுவார்களாம். அசையக் கூடாது. அந்தச் சில நிமிடங்களில் எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டை முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை மனத்துக்குள் கூப்பிடுவாராம். "நீங்கள் எல்லாரும் 'பிரசன்ட்' சொல்லி முடிப்பதற்குள் இயந்திரம் நின்றுவிடுகிறது" என்று எழுதியிருந்தார்.

வேலூரில் தம் மலைநாட்டு மக்களைப் பலர் இருக்கக் கண்டதையும் எழுதினார். டிமாபூரில் ரயிலேறி, பல நாள் பயணம் செய்து, காட்பாடியில் இறங்கி வருகிறவர்கள். அவர்களில் ஒரு தாய்க்குக் கழுத்தின் இருபுறமும் முடிச்சு இருந்ததாம். பணம் சேர்ப்பதற்குள் ஓராண்டு போய்விட்டதாம். 'எனக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம், நான் ஏற்கெனவே இங்கே இருந்ததுதான்' என்று சிஸ்டர் அந்த வரியின் கீழே கோடிட்டிருந்தார்.

தவக்காலம் வந்தது. நான்காவது வாரத்தில் சிஸ்டருக்கு வாயெல்லாம் புண். சுவை போய்விட்டது. கஞ்சியும் மோரும்தான் உணவு. கழுத்துத் தோல் கறுத்துவிட்டதாம். எங்களில் பலர் அந்தத் தவக்காலத்தில் மாங்காயை விட்டுவிட்டோம். சிறு பிள்ளைத்தனம் என்று பெரியவர்கள் நகைக்கலாம். எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளன்று 33ஆவது நாள் முடிந்தது. உடனே பார்த்தால் புண்ணுக்கும் நோய்க்கும் வேறுபாடு தெரியாது என்பதால் மூன்று மாதம் பொறுத்தே சோதிப்பார்கள். ஜூன் மாதச் சோதனையில் மூக்கின் பின்னேயும் ஒன்றும் இல்லை. கழுத்திலும் முடிச்சு இல்லை. காலைக் கூட்டத்தில் அந்தச் செய்தியைக் கேட்டபோது நாங்கள் கைதட்டிய சத்தம் பள்ளி வாசல்வரை கேட்டிருக்கும்.

ஜூலையில் சிஸ்டர் எங்கள் பத்தாம் வகுப்புக்கே ஆங்கிலம் எடுக்க வந்தார். மெலிந்திருந்தார். உமிழ்நீர் குறைந்துவிட்டதால் எப்போதும் கையில் தண்ணீர்ப் புட்டி. பேசுவதற்கு இடையே ஒரு வாய் குடிப்பார். பாடினால் குரல் முன்போல் எழுவதில்லை.

முதல் நாளே நாங்கள் எழுந்து நின்று எங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டோம். சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியுமே! அந்த ஆண்டு ஜன்னல் வரிசை மட்டும் எப்போதும் மகிழ்ச்சியாக இருந்தது" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்கும் அதில் பங்கு உண்டு. காது அடைத்தது எனக்குத் தெரியும்; தேர்வு முடியட்டும், விழா முடியட்டும் என்று நானே தள்ளிப்போட்டேன். எங்கள் ஊரில் இந்த நோய் உண்டு என்றும் எனக்குத் தெரியும். தெரிந்தவளே வாய் மூடியிருந்தால் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியுமா?" என்றார். எங்களில் ஒருத்தி, "உங்கள் ஊர் அடுப்புப் புகையால் வந்ததா, சிஸ்டர்?" என்று கேட்டாள். "என் அம்மா சமைத்த அடுப்பைப் பழிக்காதே, பிள்ளை. அது எங்களைக் குளிரில் காப்பாற்றிய அடுப்பு. ஒரு புகைபோக்கி வைத்திருந்தால் நன்றாயிருக்கும், அவ்வளவுதான்" என்றார்.

அதன் பிறகே இந்தப் பரிகாரத்தைக் கொடுத்தார். ஹாங்காங்கில் நடந்த ஓர் ஆராய்ச்சியையும் இதில் சேர்க்கச் சொன்னார். நோய்க்குறி ஏதும் இல்லாத சுமார் 20,000 நடுவயது ஆண்களின் இரத்தத்தில் இந்த வைரஸின் மரபுத் துணுக்கைத் தேடினார்கள். 34 பேருக்கு நோய் இருப்பது தெரிந்தது. அவர்களில் பத்துக்கு ஏழு பேர் தொடக்க நிலையிலேயே அகப்பட்டார்கள். சோதனை இல்லாத நாட்களில் பத்துக்கு இரண்டு பேர்தான் அப்படி அகப்பட்டிருந்தார்கள். இது 2017இல் வெளிவந்தது. கோகிமாவுக்கும் ஒரு நாள் அப்படி ஒரு சோதனை வர வேண்டும் என்பது சிஸ்டரின் ஆசை.

தோழியரே! திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை நாம் மனப்பாடம் செய்கிறோம். நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என்று முதலில் தேடச் சொல்கிறார் வள்ளுவர். தேடுவது மருத்துவர் கடமை. கண்டதைச் சொல்வது உடன் இருப்பவர் கடமை. ஒரு பக்கக் காது மட்டும் நெடுநாள் அடைத்திருந்தாலும், சளியில் இரத்தம் கண்டாலும், கழுத்தில் வலியில்லாத முடிச்சு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் அமுங்காமல் இருந்தாலும் வாய் திறந்து சொல்லுங்கள். பெரும்பாலும் அது சளியாகவோ சாதாரண நெறியாகவோதான் இருக்கும். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். சொன்னதால் நட்டம் ஒன்றும் இல்லை. கழுத்துக்கு வந்துவிட்டது என்று கேட்டவுடன் ஒருவரை மனத்துக்குள் அடக்கம் செய்துவிடவும் வேண்டாம். நாங்கள் செய்த இரண்டாவது தவறு அது.

சிஸ்டர் முற்றிலும் குணமாகிவிட்டார் என்று எழுத அவர் எங்களை அனுமதிக்கவில்லை. இன்னும் சில ஆண்டுகள் சோதனைக்குப் போக வேண்டும். இடது காது இன்னும் மந்தமாகவே இருக்கிறது. அதனால் நாங்களே தலைமையாசிரியையிடம் கேட்டு, சிஸ்டரின் மேசையைத் தூக்கி, ஜன்னல் சுவரை ஒட்டி அவருடைய இடப்பக்கம் வருமாறு போட்டுவிட்டோம். இப்போது வகுப்பு முழுவதும் அவருடைய வலது காதின் பக்கம் இருக்கிறது. பென்சில் விழுந்தாலும் திரும்பிவிடுகிறார். சுதந்திர நாடு இனி இல்லை. அதற்காக இறைவனுக்கு நன்றி கூறுகிறோம்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு